சத்தம் நின்ற ராக்கர்

பேரனின் பைக்கைச் சரிபார்க்க மெக்கானிக் இஞ்சின் மூடியைத் திறந்ததும் சூடான எண்ணெய் வாடை எழுந்தது. உள்ளே வால்வை அழுத்தித் திறக்கும் ராக்கர் தெரிந்தது; அதை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

காவாந்தண்டலத்தில் எங்கள் கிணற்றடிக் கொட்டகையில் டீசல் இஞ்சினை ஓட்டியவர் ஏசுதாஸ். ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே இரண்டு சவர பிளேடு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார். அதனால் அது நாளெல்லாம் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே இருக்கும். பள்ளி இறுதித் தேர்வுக்காக அங்கே உட்கார்ந்து படித்த எனக்கு அது எரிச்சலூட்டியது.

"அந்தச் சத்தத்த நிறுத்தேன்டா!"

"தட்டுனா உசுரோட கீதுன்னு அர்த்தம் சின்னய்யா. தட்டலன்னாதான் பேஜாரு" என்று சிரிப்பார்.

ஒருநாள் காலை, அவர் வருவதற்குள், ஆறிக் கிடந்த இஞ்சினின் ராக்கர் திருகாணியை முடுக்கி இடைவெளியை மூடினேன். அன்று அது சத்தமின்றி ஓடியது. ஏசுதாஸ் காதை வைத்துக் கேட்டு முகம் வெளுத்தார்.

"நிறுத்திப் பாத்துட்றேன் ஐயா."

"கதிரு காயுது. ஓட்றா!" என்றார் அப்பா.

நண்பகலில், சூட்டில் நீண்ட வால்வு மூட இடமின்றிக் கருகி, இஞ்சின் இருமி நின்றது. அப்பா கை ஓங்கினார். ஏசுதாஸ் என்னிடம் திரும்பினார்.

"சின்னய்யா, நீ இங்கதான குந்திக்கினு படிப்ப. யாராச்சும் கை வெச்சாங்களா?"

"இல்ல" என்றேன், தலை நிமிராமல்.

மறுநாள் அவர் குடும்பம் ஊரில் இல்லை. "இல்ல" என்று சொன்னபோது நான் குனிந்திருந்த புத்தகப் பக்கத்தில் தண்டவாளப் படம் இருந்தது. இரும்பு சூட்டில் நீளுமென்பதால் நடுவே இடைவெளி விடவேண்டும் என்ற பாடம். எனக்கு அது மனப்பாடம்.