அம்மா சோறு பொங்கிய மதியம்

பாபநாசம் பஸ் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நிற்கும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியாக, இறங்குகிறவர்களின் கால்களைப் பார்ப்பேன். முகங்களைப் பார்க்கத் துணிவு கிடையாது. அப்பா பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருடைய கால் நகங்களின் ஓரம் எப்போதும் கிரீஸ் படிந்து கறுத்திருக்கும். அந்தக் கால்கள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் டீச்சர் சொல்வது என் காதில் விழும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது இருக்கலாம்.

அப்பா அடிப்பதற்கு முன் கதவைச் சாத்துவார், ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவார். தெருவில் அவரைப் போலத் தன்மையான மனிதர் இல்லை என்று பேச்சு. ஒருநாள் காலையில் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தில் விடப்போவதுபோல் புறப்பட்டு, நேரே பஸ் ஏறிவிட்டாள். இறங்கிய ஊரின் பள்ளிக்கூடத்தில் சத்துணவு மையத்தை நடத்திய அமைப்பாளர், அம்மாவோடு சிறுவயதில் படித்தவர். தன் வீட்டின் பின்கட்டில் எங்களுக்கு இடம் கொடுத்தார். அலைந்து திரிந்து மையத்திலேயே அம்மாவுக்குச் சமையல் வேலையும் வாங்கித் தந்தார். கணவனால் கைவிடப்பட்ட பெண்களுக்கு அதில் முன்னுரிமை இருந்தது. அம்மா கைவிடப்பட்டவள் அல்ல, தப்பி வந்தவள். அரசாங்கத்திடம் அதற்கென்று ஒரு சொல் இல்லை. அந்தச் சிறு சம்பளத்திலும் எனக்குக் கிடைத்த மதியச் சோற்றிலும்தான் நாங்கள் பிழைத்தோம்.

கடைசியில் அப்பா வந்தது பஸ்ஸில் அல்ல. பள்ளிக்குப் பின்னால், வாய்க்கால் கரை வழியாக. நாங்கள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்து சோற்றுக்குக் காத்திருந்தோம். சமையல் கொட்டகை அருகே அவர் சிரித்தபடி நின்றார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். கதவைச் சாத்துவதற்கு முன்பு வருவது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைத் தேடினேன்.

“ஏட்டி, இங்கன வந்து சோறு பொங்குதியோ? போதும். பிள்ளைய கூட்டிக்கிட்டு வா, வீட்டுக்குப் போவோம்.” குரலில் அத்தனை மென்மை.

அமைப்பாளர் குறுக்கே வந்தார். “அண்ணாச்சி, பிள்ளையளுக்குச் சோறு போடுத நேரம். வெளியே நில்லுங்க.”

“எம் பொண்டாட்டியக் கூப்பிட ஒங்கிட்ட கேக்கணுமோ?”

அம்மா அடுப்பைவிட்டு நகரவில்லை. அடிபடும்போதுகூடச் சத்தம் போடாதவள் அவள். “நான் வரல” என்றாள், தரையைப் பார்த்து. பிறகு நிமிர்ந்தாள். “நீங்க அடிச்சு அடிச்சு எனக்கு ஒரு காது கேக்காமப் போச்சு. இனிமே வரமாட்டேன்.” பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.

பிள்ளைகள் அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார்கள் ஓடி வந்தார்கள். அங்கே சாத்துவதற்குக் கதவு எதுவும் இல்லை. சிரிப்பு மறைந்து, “சாயந்தரம் வெளியே வருவேல்லா” என்று பைய சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

அன்று மாலை அமைப்பாளரும் வாத்தியார்களும் எங்களை நடுவில் விட்டு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அப்படியே மாதக்கணக்கில். அவர் மறுபடி வரவில்லை. ஆனால் வரமாட்டார் என்று எங்களுக்கு யார் சொல்வது? நான் கல்லூரியில் படிக்கும்போது அவர் இறந்த செய்தி வந்தது. அன்றுதான் அம்மா பகலில் அயர்ந்து தூங்கியதை முதல்முறையாகப் பார்த்தேன்.

இப்போது தச்சநல்லூரில் என்னோடு இருக்கிறாள். அண்மையில் கேட்டேன், அன்றைக்கு அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று. கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“தைரியமா? அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஒலையில அரிசி கெடக்கு, அவ்வளவு பிள்ளையளும் பசியோட உக்காந்திருக்கு. விட்டுட்டு எங்கன போக?”