செம்மண் கள்ளு என்று சொன்னவர்

எல்லா ஊர்க் கள்ளின் ருசியும் அறிந்த ஒருவர், அறியாத ஒரு ருசியை அறிந்தது போல ஏன் சொன்னார்? மட்டாஞ்சேரி பஜாரில் பலரும் கேட்ட கேள்வி இது. நானும் கேட்டேன்.

சங்கிலிப்பாண்டி தென்காசிப் பக்கத்துக்காரர். மலையாளத்துச் சித்தூர்த் தென்னந்தோப்புகளில் பதினோரு வருஷம் மரம் ஏறினார். ஒரு மழைநாளில் விழுந்து இடுப்பு போன பிறகு மட்டாஞ்சேரிக்கு வந்து, பஜாருக்குப் பின்னால் இருந்த கள்ளுக்கடையில் சேர்ந்தார். காலையில் இறங்கும் ஒவ்வொரு பீப்பாயிலும் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, அது எந்த ஊர்க் கள்ளு என்று சிலேட்டில் எழுதுவார். விழுங்கமாட்டார். அவருக்குக் குடிப்பழக்கமே கிடையாது.

கும்பளங்கிக் கள்ளு மெல்லியது. காயலின் உப்பு நாக்கில் லேசாக நிற்கும். சித்தூர்க் கரிமண்ணில் நிற்கும் மரம் கெட்டியாகக் கொடுக்கும். அடுத்தடுத்த இரண்டு தோப்புகளில்கூட, ஒருவன் கலயத்தைக் கழுவிக் கட்டுவான், இன்னொருவன் பழைய மண்டியோடு கட்டுவான். அதையும் சங்கிலிப்பாண்டியின் நாக்கு பிரித்துவிடும். கடைக்கு வருகிறவர்கள் சிலேட்டைப் பார்த்து ஊரைச் சொல்லித்தான் கேட்பார்கள்.

கைவண்டி இழுக்கும் நாணு ஒருநாள் எங்கிருந்தோ ஒரு குப்பியைக் கொண்டுவந்து நீட்டினான். "இது ஏது ஊர்னு பறயண்ணா, பாக்கட்டே."

"பாதி கும்பளங்கி, பாதி நெட்டூர். உன் வீட்டுக் கிணத்துத் தண்ணியும் கொஞ்சம் இருக்கு."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது.

1979, ஓணத்து வாரம். கூட்டம் அதிகம், கள்ளு போதவில்லை. காலை பத்து மணிக்கு, வெளியூர்க் கள்ளு ஏற்றிவரும் சுப்புராஜின் வேன் நான்கு பீப்பாய்களோடு வந்தது. சங்கிலிப்பாண்டி ஒரு வாய் எடுத்தார். அடிநாக்கில் ஒரு கசப்பு. துப்பியும் போகவில்லை.

"எந்த ஊரு இது?"

"உங்களுக்கே தெரியலையா அண்ணாச்சி? எல்லைப் பக்கம் செம்மண் தோப்பு. அங்க இப்படித்தான் இருக்கும். பதினோரு வருஷம் மரம் ஏறினீங்களா, கீழ நின்னு வேடிக்கை பாத்தீங்களா?"

செம்மண் தோப்புப் பக்கம் அவர் போனதே இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் நல்லசிவமும் ஒருவன். மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குபவன், சங்கிலிப்பாண்டியின் தங்கை மாடத்தியின் புருஷன்.

இன்னொரு வாய் எடுத்தார். அதே கசப்பு.

"செம்மண் கள்ளுதான்" என்றார். "கசப்பு மண்ணோடது." சிலேட்டிலும் எழுதினார்.

"அப்ப எனக்கு முதல்ல ஊத்துங்க மச்சான்" என்றான் நல்லசிவம். "நம்ம காணாத ஊரா இருக்கே."

இரண்டு குப்பி குடித்தான். மத்தியானம் பெஞ்சிலேயே தலை சாய்த்தான். தூங்குகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மூன்று மணிக்கு ஏழு பேரை எழுப்ப முடியவில்லை. நாணுவின் கைவண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே நல்லசிவத்தின் மூச்சு நின்றது. மறுநாள் இன்னும் இரண்டு பேர் போனார்கள். தண்ணீர் கலந்த கள்ளில் போதை ஏற்ற யாரோ தூக்க மருந்தைக் கொட்டியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் கடைக் குத்தகைக்காரரின் ஆள் வந்தான்.

"நல்லசிவம் வேற எங்கயோ மூக்கு முட்டச் சாராயம் குடிச்சிட்டுத்தான் கடைக்கு வந்தான்னு எழுதிக் குடு. இல்லேன்னா, ருசி பாத்துச் சொன்ன உன் பேர்லதான் முதல் கேஸ்."

பஜார் ஏற்கெனவே அப்படித்தான் பேசியது. அளவு தெரியாமல் குடித்துச் செத்தவன் பெண்டாட்டி என்று, தண்ணீர்க் குழாயடியில் மாடத்தியின் காதில் விழும்படியே சொன்னார்கள். அவள் அண்ணனைத் தேடி வந்தாள்.

"அவரு அளவு மீறிக் குடிச்சாராண்ணே?"

"ரெண்டு குப்பி. என்னைக்கும் குடிக்கிறதுதான்."

"பிறகு எப்படி?"

"கசந்துச்சு, தாயி. எனக்கு அப்பவே தெரிஞ்சுது. அத்தனை பேரு முன்னால, தெரியலைன்னு சொல்ல வாய் வரலை."

"இதைப் போலீஸ்ல போய்ச் சொல்லு" என்றாள். "சொல்லிட்டு என் வீட்டுப் பக்கம் வராத."

அன்றே போய்ச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

ஜாமீனில் வெளியே வந்ததும் பஸ் ஏறி எல்லைப் பக்கத்துச் செம்மண் தோப்புக்குப் போனார். ஒச்சப்பன் என்ற மரமேறி கலயத்தை இறக்கிக் கொடுத்தான். ஒரு வாய் எடுத்தார். தேங்காய்த் தண்ணீர் போல இனித்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக விழுங்கினார்.

"இங்க கள்ளு கசக்கும்னாங்களே" என்றார்.

"எங்க கள்ளா? எந்தக் கிறுக்கன் சொன்னதுண்ணே?"

சங்கிலிப்பாண்டி கலயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

இதையும் கோர்ட்டில் சொன்னார். சுப்புராஜ் அகப்படவே இல்லை. குத்தகைப் பத்திரம் வேறு யார் பேரிலோ இருந்ததால் குத்தகைக்காரர் தப்பினார். 1982இல் சங்கிலிப்பாண்டிக்கு மட்டும் பதினெட்டு மாதம் சிறை. நல்லசிவம் அன்று கள்ளைத் தவிர வேறு எதுவும் குடிக்கவில்லை என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. மலையாளம் படிக்கத் தெரிந்த மூத்த மகளை அந்த வரியை மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள் மாடத்தி. ஆனால் சிறையிலிருந்து வந்த அண்ணனுக்குக் கதவைத் திறக்கவில்லை. அவர் இப்போது தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறார்.

தீர்ப்பு வந்தும் பஜாரின் பேச்சு மாறவில்லை. அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நல்லசிவம் மூக்கு முட்டக் குடித்துச் செத்தான் என்று யாராவது சொன்னால், இல்லை என்று சொல்லுங்கள். நடந்தது இது என்று முழுவதையும் சொல்லுங்கள். கேட்டவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.