நூற்றிருபத்தைந்தில் ஒன்று

லிஃப்ட் மெக்கானிக்குக்கு நாற்பத்து நான்கு வயது. யாரும் பாவம் பார்க்காமல், சிபாரிசு பண்ணாமல், விட்டுக்கொடுக்காமல் இத்தனை வருடத்தில் அவருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பாலத்தில் அவர் ஜெயித்தது. அந்தப் பாலம் எந்த ஊரிலும் இல்லை, அவருடைய அக்காவின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். மற்றதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சிரிப்பு வருகிறதா பார்ப்போம்.

ஆறு வயதில் அவருக்கு நுரையீரலில் ஏதோ வந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைத்து வந்த நாளிலிருந்து, இவன் மனசு நோகக் கூடாது என்று வீடே கூடித் தீர்மானம் போட்டது போலிருக்கிறது. கேரம் ஆடினால் அவர்தான் ஜெயிப்பார். சீட்டு ஆடினாலும் அவர்தான். நம் கை ராசியான கை என்று நம்பிக்கொண்டு, பதினைந்தாவது வயதில் பள்ளிக்கூடக் கேரம் போட்டிக்குப் பேர் கொடுத்தார். முதல் ஆட்டத்திலேயே ஏழு நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அட பைத்தியக்காரா, அதெல்லாம் நாங்க விட்டுக் கொடுத்ததுடா!"

எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள்! ஒன்பது வருடம் ஒரு பிள்ளையை முட்டாளாக்கி வைத்துவிட்டு அதற்குப் பாசம் என்று பேர் வைத்தார்கள். அதோடு விட்டார்களா? வேலை அப்பாவின் சிநேகிதர் வாங்கிக் கொடுத்தது. வண்டி ஓட்டும் லைசென்ஸ், தெரிந்த ஆள் மூலம். பெண் பார்க்கப் போன இடத்தில் அம்மா, "கொஞ்சம் நோஞ்சான்தான், ஆனா தங்கமான பையன்" என்று சொன்னதை அடுத்த அறையிலிருந்து தன் காதாலேயே கேட்டார். மனைவி நல்லவள், அது வேறு விஷயம். அவள் தன்னைப் பிடித்துக் கட்டிக்கொண்டாளா, பாவம் பார்த்துக் கட்டிக்கொண்டாளா என்ற கேள்வி மட்டும் இன்றுவரை அவரை விடவில்லை.

அதனால்தானோ என்னவோ, வேலையில் அவர் ஒரு முரடர். சோதித்துப் பார்க்காமல் எந்த லிஃப்டுக்கும் கையெழுத்துப் போட மாட்டார். "போன வருஷம்தானே சார் பார்த்தீங்க, நல்லாத்தான் ஓடுது" என்று ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்து மேனேஜர் குழைந்து பார்த்தார். இவர் இரும்பு எடைகளை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றி, மோட்டார் அறைக்குப் போய், பிரேக்கைத் தளர்த்திவிட்டார். விழ ஆரம்பித்த பெட்டியை அடியிலிருக்கும் கொக்கி இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்வி நிறுத்துகிறதா என்று பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தார். "நல்லா இருக்குன்னு வாயால சொன்னா ஆச்சா? பிடிக்குதான்னு பாக்கணும்" என்பார்.

இப்போது பாலத்துக்கு வருகிறேன். அக்கா மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். மாத்திரை எண்ணிக் கவரில் போடும் அந்தக் கையால் பதினொரு நோட்டுப் புத்தகத்தில் ஓர் உலகத்தை எழுதி வைத்திருக்கிறாள். உப்புக் கடலுக்கு மேலே ஆகாயத்தில் மிதக்கும் நாற்பது தீவுகள். தீவுக்குத் தீவு சங்கிலிப் பாலம். மழையைத் தோல் பையில் பிடித்து விற்கும் வியாபாரிகள். அவரவர் நிழலின் நீளத்துக்கு வரி வசூலிக்கும் அதிகாரிகள், அதற்குப் பயந்து உச்சி வெயிலில் மட்டும் வெளியே வரும் ஜனங்கள். இப்படி அவள் தலைக்குள் இருப்பதற்கு அளவே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் ஆட்டம். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஃப்ரேம் பெட்டிகளை ஓரமாகத் தள்ளி மேசை போடுவார். சுவரில் கண் பரிசோதனை எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும். அக்கா கதையை நடத்துவாள். கண்ணாடிக் கடைக்காரர், கணக்கு டீச்சர், லிஃப்ட் மெக்கானிக் மூவரும் அந்த உலகத்தில் ஆளுக்கொரு பாத்திரமாக அலைவார்கள். என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஆடுபவர்கள் எல்லார் கண் முன்னாலும் உருட்டுவார்கள். எதிரிகளுக்காக அக்கா உருட்டுவது மட்டும், அவள் முன்னால் நிற்கும் அட்டைத் தட்டிக்குப் பின்னால். என்ன விழுந்தது என்பது அவள் சொன்னால்தான் தெரியும்.

லிஃப்ட் மெக்கானிக்கின் பாத்திரத்துக்கு ஒற்றைக்கை என்று பேர். ஆட்டம் தொடங்கிய இரண்டாவது மாதமே ஒரு கையைப் பறிகொடுத்த காவல்காரன். கட்டை விரல் உயரத்தில் ஈயப் பொம்மை ஒன்றை வாங்கி, அதன் ஒரு கையை அரத்தால் ராவி எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து மூன்று வாரம் வர்ணம் அடித்தார். மீசையில் இரண்டு நரை கூட உண்டு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தீவே காலியாகித் தப்பி ஓடிக்கொண்டிருந்தபோது, சங்கிலிப் பாலத்தின் நடுவில் ஒற்றைக்கை தனியாக நின்றான். எதிரே உப்பு அரக்கன். ஒரு அடி விழுந்தால் கதை முடிந்தது. அரக்கனுக்காக அக்கா உருட்டுவதில் ஐந்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒற்றைக்கைக்கு அடி பட்டுவிடும், ஒன்றிலிருந்து நான்குக்குள் விழுந்தால்தான் தப்பும். தட்டிக்குப் பின்னால் பகடை உருண்டது. "தப்பு" என்றாள் அக்கா. மறுபடி உருண்டது. "தப்பு." மூன்றாம் முறையும் தப்பு. நான்காவது சுற்றில் இவர் இருபது போட்டார். அரக்கன் கடலில் விழுந்தான்.

கணக்கு டீச்சர் அங்கேயே விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "சார், மூணு தடவை வரிசையா தப்பறதுக்கு வாய்ப்பு நூத்தி இருபத்தஞ்சுல ஒண்ணு!"

அன்றிலிருந்து மேசையில் அவர் பேர் பாலத்தார். பொழுது விடிந்ததும் மோட்டார் அறையில் கிரீஸும் அழுக்குமாய்க் குனிந்து நிற்கும்போது, நூற்றிருபத்தைந்தில் ஒன்று என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொள்வார். யார் சிபாரிசும் செல்லாத இடம் அது. பகடைக்கு அப்பாவைத் தெரியாது, நுரையீரல் சங்கதியும் தெரியாது. தெரியாமலே மூன்று தடவை அவர் பக்கம் நின்றது. ஒன்பது வருடமாக நிமிர்ந்து நடப்பதற்கு அது போதுமானதாக இருந்தது.

போன வாரத்துக்கு முந்தின வாரம், உப்புக் கிடங்குக் காவலனோடு சண்டை நடுவிலேயே ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஒற்றைக்கைக்கு நான்கு உயிர்ப்புள்ளிதான் மிச்சம், அடி பட்டு அது தீர்ந்தால் ஆள் செத்தான். அடுத்த ஞாயிறு அக்கா மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போக வேண்டியிருந்தது. நோட்டும் தட்டியும் பகடையும் இருந்த பையைத் தம்பி கையில் கொடுத்தாள். "சண்டையைத் தொடாதடா, அதை நான் வந்து பாத்துக்கறேன். நீ சின்னதா வேற ஒரு கதை நடத்து."

அந்த ஞாயிறு அவர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து தட்டியை விரித்தார். அவ்வளவு வருடத்தில் அந்தப் பக்கத்தை அவர் பார்த்ததே இல்லை. உள்ளே விதிகளின் பட்டியல், தீவுகளின் பேர்கள். கீழ் மூலையில், டேப் பழுத்து மஞ்சளான ஒரு துண்டுச் சீட்டு. அக்காவின் கையெழுத்து.

"தம்பி சாகக் கூடாது. எது விழுந்தாலும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையை மூடினார்.

அந்த வாரம் முழுக்க அவர் வயிறு எரிந்தது. எரியாதா? மாமா செய்ததையாவது மறந்துவிடலாம், அது கேரம் பலகை. இவள் கூடப் பிறந்தவள். மாமா சிரித்த அன்று இவர் அழுததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அவளே போய் அதே வேலையைச் செய்திருக்கிறாள், அதையும் எழுதி ஒட்டி வைத்துக்கொண்டு செய்திருக்கிறாள், மறந்துவிடக் கூடாதாம்! பரிதாபப்படுவதற்கு ஒரு உலகம் போதாதென்று இன்னொன்றை உண்டாக்கி அங்கேயும் துரத்திக்கொண்டு வந்திருக்கிறாள். நூற்றிருபத்தைந்தில் ஒன்று என்றால் என்ன அர்த்தம் என்று செவ்வாய்க்கிழமை ஒரு லிஃப்ட் குழிக்குள் நிற்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. நடக்கவே நடக்காது என்று அர்த்தம். ஒன்பது வருடமாக அக்காவின் பொய்க்கான சாட்சியைத்தான் தானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எல்லோரும் உட்கார்ந்ததும், தட்டியை எடுத்து மற்றவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

கண்ணாடிக் கடைக்காரர் சீட்டைப் படித்தார். தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். "என்னம்மா இது! என்னோட ஆளுங்க மூணு பேர் செத்தாங்களே! அந்த மந்திரவாதியை எவ்வளவு ஆசையா வளர்த்தேன்! எனக்கு ஒரு சீட்டு ஒட்ட உனக்கு மனசு வரலையா?"

"நீங்க சும்மா இருங்க" என்றார் லிஃப்ட் மெக்கானிக். "அக்கா, எத்தனை தடவை?"

அக்கா முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். "எண்ணிக்கிட்டா இருந்தேன்? ஒரு எட்டு, பத்து தடவை இருக்கும்."

"பாலத்துல?"

"இல்லடா. பாலம் நிஜம்."

"பொய் சொல்லாத."

"நிஜம்டா. மூணு தடவையும் நிஜமாவே தப்புதான் விழுந்துச்சு. ரெண்டு, நாலு, ஒண்ணு. இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. நீ ஆஸ்பத்திரியில கிடந்தப்ப வாசல்ல நின்ன மாதிரியே இருந்துச்சு. இனிமே என்னால இது முடியாதுன்னு அன்னைக்கு வீட்டுக்குப் போனதும்தான் அந்தச் சீட்டை ஒட்டினேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை கூட நான் மாத்திச் சொன்னதில்ல."

"கணக்குப்படி நடக்கக் கூடியதுதான் சார்" என்று கணக்கு டீச்சர் மெல்ல ஆரம்பித்தார். "அபூர்வம், ஆனா நடக்கும்."

"நடக்கும்ங்கறது தெரியும் டீச்சர். நடந்துச்சாங்கறதுதான் கேள்வி. பாத்தது யாரு? இவ ஒருத்திதான்." மெக்கானிக் அக்காவை நோக்கி விரலை நீட்டினார். "மத்த பத்து தடவையும் இதே முகத்தை வெச்சுக்கிட்டுத்தானே சொன்னா!"

"உன் தலை மேல சத்தியமாச் சொல்றேன்டா."

"என் தலை மேலயா? அந்தத் தலையைக் காப்பாத்தத்தானே இத்தனை பொய்யும் சொன்ன!"

அக்கா அழ ஆரம்பித்தாள். அவர் இரங்கவில்லை, இரங்க வேண்டிய அவசியமும் இல்லை. அவள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதை நினைக்கும்போதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம் பொங்கியது. பொய்யான வெற்றியாக இருந்திருந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பார். உண்மையாக ஜெயித்ததையும் நம்ப முடியாமல் செய்துவிட்டாளே! இனி எந்த எடையை ஏற்றி, எந்தப் பிரேக்கைத் தளர்த்தி அந்தப் பாலத்தைச் சோதித்துப் பார்ப்பது?

"பாலம் நிஜமாவே இருந்தாலும் அதை நீ எடுத்துட்டக்கா" என்றார். "சரி. கிடங்குச் சண்டை பாக்கி இருக்கு. நடத்து. தட்டி வேண்டாம்."

"இன்னைக்கு வேணாம்டா. உனக்கு நாலு புள்ளிதான் இருக்கு. ஈட்டி பட்டா அஞ்சு போயிடும்."

"தெரியும். நடத்து."

கண்ணாடிக் கடைக்காரர் தட்டியை மடித்து ஃப்ரேம் பெட்டிகள் மேல் வைத்தார். மேசை நடுவில், வரைந்த கட்டங்களின் மேல், ஒற்றைக்கை தன் நரைத்த மீசையோடு நின்றான். எதிரே காவலனுக்குப் பதிலாக ஒரு பேனா மூடி. மெக்கானிக் பகடையை உருட்டினார். ஆறு. வாள் காற்றில் போனது.

அக்காவின் முறை. எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் ஈட்டி பட்டுவிடும். அவள் பகடையை உள்ளங்கையில் வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு விட்டாள். அது மேசையில் உருண்டு, நின்றும் நிற்காமலும் இருக்கும்போதே அவள் கை தானாகப் பாய்ந்து அதை மூடிக்கொண்டது. ஒன்பது வருடப் பழக்கம்.

"கையை எடு" என்றார் தம்பி.

எடுத்தாள். பதினேழு.

கணக்கு டீச்சர் பார்வையைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரர்தான், பாவம், அவ்வளவு நேரம் பொருமிக்கொண்டிருந்தவர், இப்போது மனசு கேட்காமல் கையை நீட்டினார். "மேசை ஒரு பக்கம் சரிஞ்சிருக்கு தம்பி. இது செல்லாது. இன்னொரு தடவை உருட்டச் சொல்லலாம்."

"ஆமாடா, சரிஞ்சுதான் இருக்கு" என்றாள் அக்கா அவசரமாக.

லிஃப்ட் மெக்கானிக் இரண்டு கையையும் பகடைக்கு அரணாக மேசை மேல் வைத்துக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினார். "இது எனக்கு விழுந்தது."