சர்வருக்கு ஓய்வு கொடுத்த நாள்

ஹட்டனுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசில், பூட்டிய ஒரு சின்ன அறைக்குள் சர்வர் இருந்தது. மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அதில்தான் விவரங்களைச் சேர்த்து வைக்கும். யார் எந்த வருஷம் வேலைக்குப் பெயர் பதிந்தார்கள், வரிசை வீடுகளான லயங்களில் யாருக்கு எந்தக் காம்பிரா என்ற அறை, எல்லாம் அதற்குள். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கூட்டிப் பெருக்க வந்தவனிடம் அந்த அறைச் சாவியும், பார்த்துப் பழகியதில் கம்ப்யூட்டரில் அடிக்கும் வேலையும் வந்து சேர்ந்தன. தினமும் காலையில் அதன் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பேன்.

பயம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டி விஷயத்தில் பயப்படக் காரணமும் இருந்தது. இனி எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று, பூஞ்சை பிடித்த பழைய பதிவுப் புத்தகங்களை பெக்டரி அடுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். சுமந்து போனது நான்தான். அதற்குப் பிறகு, சர்வரில் இருப்பதை நகல் எடுக்கும் டேப் கருவியும் பழுதாகிப் போனது.

சர்வரைச் செய்த கம்பெனியின் ஆள் கொழும்பிலிருந்து வந்தார். "நாங்க இனி சர்வர் செய்யிறதில்ல. வீட்டுக் கம்ப்யூட்டர் மட்டுந்தான். இதுக்குப் பார்ட்ஸ் வராது" என்றார். ஆபீஸ் வேலைகளுக்குப் பொறுப்பான பெரிய கிளாக்கர் வேறு கம்பெனி பார்க்கத் தொடங்கினார். சில மாதத்தில் அதே ஆள் கலர் தாள்களோடு திரும்ப வந்தார்.

"மேல முடிவ மாத்திட்டாங்க. புது மாடல் வருது. கொஞ்சம் பொறுங்க, உங்க விவரமெல்லாம் நாங்களே மாத்தித் தாறோம்."

"போன தடவ போறோம்னீங்க, இப்ப வாறோங்கிறீங்க" என்றார் கிளாக்கர். "நீங்க கம்பெனியா, கோவிச்சுக்கிட்டுப் போன மருமகனா?"

ஆபீசே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொறுத்தோம். புது மாடல் வரவில்லை. கேட்டால், மேலே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். வேறு பெட்டியும் வாங்கவில்லை, இருந்ததையும் திருத்தவில்லை.

அந்த வருஷத்து மழைக்குத்தான் அக்காவின் லயத்துச் சுவரில் வெடிப்பு விழுந்தது. மண் சரியக்கூடிய இடம் என்று அதிகாரிகள் வந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். புது வீடுகள் கட்டி முடியும் நிலையில் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த வருஷத்தைப் பார்த்து, மூத்தவர்களுக்கு முதலில் கொடுப்பதாகச் சொன்னார்கள். அதற்கு ஆபீஸ் கடிதம் வேண்டும். அக்காவின் பழைய வேலை அட்டை, கூரை ஒழுகி என்றோ கூழாகிவிட்டது. சர்வரில் இருந்ததுதான் அவளுக்கு ஒரே சாட்சி.

"என் கடுதாசிய எடுத்தியாடா?"

"ஆயுத பூசை முடியட்டும்க்கா, எடுத்துத் தர்றேன்."

"நீதான அந்தப் பெட்டிக்குக் காவக்காரன்? ஒனக்கே இம்புட்டு நாளா?"

முதலில் அவளுடையதை எடுத்தால் சொந்தக்காரிக்குச் செய்கிறான் என்று பேசுவார்கள். அந்தப் பயத்தில், கடிதம் கேட்டவர்களின் சீட்டுக் கட்டில் அவள் பெயரைக் கடைசியில் வைத்துவிட்டு மற்றவர்களுடையதை எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூசை வந்தது. பெக்டரியில் கொழுந்து உருட்டும் ரோலரிலிருந்து எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். அன்றைக்கு மெஷினை ஓட்டுவது பாவம் என்பது எங்கள் வழக்கம்.

"உள்ள இருக்கிற சர்வரையும் நிப்பாட்டு. வருஷம் பூரா ஓடுது, பாவம்" என்றார் கிளாக்கர்.

எனக்கும் சந்தோஷம்தான். ஒரு நாள் ஓய்வு கொடுத்தால் சூடு தணியும் என்று நினைத்தேன். சுவிட்சை நானே அமர்த்திப் பொட்டு வைத்தேன். அந்த அறை சத்தமில்லாமல் இருந்து அன்றுதான் கண்டேன்.

மறுநாள் போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே டக், டக் என்று இரண்டு தரம். பிறகு ஒன்றுமில்லை.

கம்பெனி ஆள் வந்து திறந்து பார்த்தார். "இவ்வளவு பழச நிப்பாட்டவே கூடாது. விவரம் பதியிற தட்டு உள்ள சுத்திக்கிட்டே இருக்கும், நின்னா திரும்பச் சுத்தாது."

"முன்னாலயே சொல்லியிருக்கலாமே?" என்றார் கிளாக்கர்.

"இந்தத் தொழில்ல நாங்க இருக்கோமா இல்லையான்னு எங்களுக்கே யாரும் சொல்லல்லயே ஐயா" என்றார். கழற்றிக் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் எதையும் மீட்க முடியவில்லை.

கடைசியில் வேறு கம்பெனிப் பெட்டி வந்தது. அட்டையோ முன்பே எடுத்த கடிதமோ வைத்திருந்தவர்களுக்கு அதன்படி பதிந்தோம். இல்லாதவர்களுக்கு, சேர்ந்தது இந்த வருஷம் என்று போடச் சொன்னார்கள். அப்படி அக்காவின் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்தது நான்தான். அவள் கல்யாணத்துக்கு முன்பே கொழுந்துக் கூடையை முதுகில் போட்டவள். வீட்டுப் பட்டியலில், நேற்றுச் சேர்ந்த பெண்களோடு கடைசியில் நின்றது அவள் பெயர். வீடுகள் அவள் வரைக்கும் வரவில்லை.

அவள் என்னை ஏசவில்லை. "பெட்டி செத்ததுக்கு நீ என்னடா பண்ணுவ?" என்றாள். அவள் கடிதத்தைக் கடைசிக்குத் தள்ளியது யாரென்று நான் இன்னும் சொல்லவில்லை.

மழை பிடித்தால் வேலை விட்டு நேரே அவள் காம்பிராவுக்குப் போகிறேன். வெடிப்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். இப்போது விரல் நுழைகிறது.

"கைய எடுடா, சுவரு ஒதிருது" என்கிறாள்.