வால் விட்ட தையல்

1. பழசாக்கும் வேலை

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, புதுச் சாக்கைச் சேற்றில் போட்டு மிதிப்பது.

அதற்கு முன் முப்பது வருஷம் கொச்சியில் மட்டாஞ்சேரி சுக்கு கோடவுனில் சாக்கு தைத்தேன். கோடவுனைப் பூட்டினார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு ஆர்ட்டிஸ்ட் அதை வாடகைக்கு எடுத்தார். சென்னைக்காரர், பெயர் நிதின். மிக்ஸட் மீடியா செய்கிறவர். அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். கையில் கிடைப்பதையெல்லாம் ஒன்றாகச் சேர்ப்பது என்றார். நான் குழம்பு வைப்பதும் அப்படித்தான்.

சாக்கு மூன்று நாள் சேற்றில் ஊறியது. பிறகு சாயாத் தண்ணீரில். பிறகு துருப்பிடித்த ஆணியோடு சுருட்டி வெயிலில் வைத்தோம்.

"ஸார், பின்னாடி ஷெட்ல பழைய சாக்கு குமிஞ்சு கிடக்கு."

"அது வெறும் பழசு அக்கா. எனக்குப் பழசோட ஃபீல் வேணும்."

மிதித்தேன்.

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கிழிந்த மீன்வலை வந்தது. சாக்கின் மேல் அதை ஒட்டித் தார் பூசினார். பூசிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இது இன்னும் என்கிட்ட பேசல" என்றார். தார் காயவில்லை, அவ்வளவுதான். காய்ந்ததும் பேசியது.

2. எமோஷன்

இருபது சாக்கை ஒன்றாகத் தைத்து உத்தரத்தில் தொங்கவிட்டோம். உள்ளே நாலு மூட்டை சுக்கு. பெரிய வயிறு மாதிரி இருந்தது. அடிவாயைக் கயிற்றால் கட்டியிருந்தோம்; அதைத் தைப்பதுதான் பாக்கி.

நாங்கள் போடுவது சங்கிலித் தையல். நுனியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் மொத்தமும் அவிழும். லாரி ஏறும் மூட்டைக்கு நுனியை மடக்கி முடிச்சுப் போடுவோம். நுனியை ஒரு முழம் வால் மாதிரி தொங்கவிட்டால், பிரிக்கலாம் என்று அர்த்தம். மூட்டை இறக்கும் சுமட்டுக்காரர்கள் வாலைப் பார்த்தால் இழுத்துவிடுவார்கள். யாரையும் கேட்க மாட்டார்கள்.

முடிச்சுப் போடப் போனேன். ஸார் தடுத்தார்.

"அந்த நூல் தொங்கட்டும் அக்கா. அதுதான் எமோஷன்."

"அது தொங்கினா அவிழ்ந்திடும் ஸார்."

"யார் தொடப் போறாங்க? தொடாதீங்கன்னு போர்டு வைக்கிறோம்."

"முப்பது வருஷத்துல என் மூட்டை ஒண்ணுகூட வாய் பிளந்ததில்ல ஸார். எனக்குன்னு இருக்கிறது அந்தப் பேர் ஒண்ணுதான்."

"ப்யூட்டிஃபுல்! இதை எழுதி வச்சுக்கிறேன்" என்றார். எழுதினார். வாலை விட்டேன்.

போர்டு இங்கிலீஷில் வந்தது.

3. நாலு மணி

கண்காட்சித் திறப்பு நாளில் கபீர் இக்கா வந்தார். அதே கோடவுனில் என்னோடு இருந்த சுமட்டுத் தொழிலாளி. நான் தைத்ததைப் பார்க்க இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"எந்தா சரசு, வாலை விட்டுட்டு நிக்கிற? பிரிக்க ஆள் இல்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் இழுத்துவிட்டார்.

நாலு மூட்டை சுக்கும் விருந்தாளிகளின் செருப்பு மேல் கொட்டியது. தூசியில் எல்லாரும் தும்மினார்கள். நிதின் ஸார் முகம் வெளுத்தது. ஒரு அம்மாள் தும்மிக்கொண்டே கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். ஸார் கொஞ்சம் யோசித்தார். பிறகு கும்பிட்டார். மறுநாள், எதையெல்லாம் சேர்த்துச் செய்தது என்று சுவரில் ஒட்டியிருந்த சீட்டில் சணல், தார், வலை, சுக்கு என்பதற்குக் கீழே தும்மல் என்றும் சேர்த்திருந்தது.

இனி தினமும் நாலு மணிக்கு இழுக்க வேண்டும் என்று ஸார் இக்காவைக் கேட்டார்.

"நாலு மூட்டை இறக்கணும்னா நாலு ஆள் வேணும் ஸாரே. இங்க அதான் யூனியன் முறை."

நீலச் சட்டை போட்டு நாலு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் இழுத்தார். மூன்று பேர் பார்த்தார்கள்.

காலையில் நான் தைப்பேன். மாலையில் அவர்கள் அவிழ்ப்பார்கள். ஒரு நாள் பஜாரில் அரிசிக்கடைக்காரர் கேட்டார்: "சரசு சேச்சி, உங்க தையல் இப்ப தினமும் பிரியுதாமே?" கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அரிசி வாங்காமல் வந்துவிட்டேன்.

கடைசி நாள் ஏதோ பெரிய மியூசியத்திலிருந்து ஆள் வருவதாகச் சொன்னார்கள். ஸார் விடிந்ததிலிருந்து நடந்துகொண்டே இருந்தார். நான் தைத்து முடித்து, நுனியை மடக்கி இரட்டை முடிச்சுப் போட்டேன். முடிச்சுக்குக் கீழே ஒரு முழம் தொங்கவிட்டேன். எமோஷன் குறையக்கூடாது.

நாலு மணிக்கு இக்கா இழுத்தார். வரவில்லை. நாலு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். முதல் தடவையாக நாலு பேருக்கும் வேலை இருந்தது. உத்தரம் முனகியது. தையல் அசையவில்லை. இக்கா கிட்ட வந்து முடிச்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"விடுங்கடா. இது லாரிக்குப் போட்ட தையல். போற ஊர் போய்ச் சேர்ந்தாத்தான் பிரியும்."

மியூசியக்காரர் தும்மாமல் நின்றார்.

"அக்கா, என்ன பண்ணீங்க?" ஸார் ஓடி வந்தார்.

"தைச்சேன் ஸார்."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். என்ன ஃபீல் கேட்டாலும் கொடுங்கள். சேற்றில் மிதிக்கச் சொன்னால் மிதியுங்கள். முடிச்சுப் போடுவதா வேண்டாமா என்பதை மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள்.