காற்றுக் கசிந்த துப்பாக்கி

சுனாமிக்கு மறு வருஷம் இரண்டு மாத லீவில் மரக்காணம் வந்திருந்தேன். சவுதியில், தம்மாமில் எனக்கு ஏசி மெக்கானிக் வேலை. மகளுக்கு அப்போது ஏழு வயது. அவள் என்னை அத்தா என்றோ வேறு எந்த முறை சொல்லியோ கூப்பிட மாட்டாள். கதவோரம் வந்து நின்று, "சாப்பிட வரச் சொன்னாங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். என் தம்பி வந்தால் மட்டும் சாச்சா, சாச்சா என்று முதுகில் தொற்றிக்கொள்வாள். போகப் போகச் சரியாகிவிடும் என்றாள் மனைவி. போகப் போக என்றால் எப்போது? எனக்கு இருப்பதே அறுபது நாள். தம்பி மேல்கூட எரிச்சலாக வந்தது.

அவளுக்கென்று வாங்கிவந்த பொம்மைத் துப்பாக்கி, ஸ்பாஞ்சு அம்பு பாய்கிற ரகம், நாலாம் நாளே உடைந்துபோனது. அம்புகள் மட்டும் மிச்சம். அவள் அழவே இல்லை. அழுதிருந்தால் தூக்கி வைத்துச் சமாதானமாவது சொல்லியிருப்பேன். லீவு முடிய இரண்டு வாரம் இருந்தபோதுதான், சரி, நானே ஒன்று செய்து தருகிறேன் என்று உட்கார்ந்தேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு முழம் பிவிசி பைப், உள்ளே ஸ்பிரிங், ஒரு தடி, தடி முனையில் சைக்கிள் பம்புக்குப் போடுகிற தோல் வாஷர். தடியை இழுத்து விட்டால் வாஷர் காற்றைத் தள்ளும், காற்று அம்பைத் தள்ளும். வாஷர் பைப்போடு ஒட்டி நிற்க வேண்டும், அதில்தான் எல்லாம் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் நன்றாக ஊறவைத்து, கிண்ணம் மாதிரி குழிந்த பக்கம் முன்னே பார்க்கும்படி மாட்டினேன். பைப் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு தடியைத் தள்ளினேன். அசையவில்லை. அப்படியென்றால் காற்று எங்கேயும் போகவில்லை.

தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கிட்டே வந்தாள். தன் விரலை வைத்து அடைத்துப் பார்த்து, "கெட்டியா இருக்குது" என்றாள். லீவில் அவள் தானாக என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. ட்ரிகரும் கைப்பிடியும்தான் பாக்கி, நாளைக்கு வைத்துவிடலாம் என்றேன். மனைவி அந்த நேரம் பார்த்து எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டாள். பீரோவில் திரும்புகிற டிக்கெட் இருந்தது. தேதியை எடுத்துச் சொல்ல மனசு வரவில்லை. "இத முடிக்காம நான் எங்கயும் போறதா இல்ல" என்று சிரித்து மழுப்பினேன்.

மறுநாள் பார்த்தால் தடி சரசரவென்று போகிறது. எல்லாம் கசிவு. உப்புக் காற்று தோலைக் காயவைத்துவிட்டது என்று நினைத்தேன். பைப்பைத் துடைத்து, புது வாஷர் போட்டேன். சாயங்காலம் கெட்டியாக இருந்தது, விடிந்ததும் கசிந்தது. வருஷம் முழுக்கக் கம்ப்ரஸரில் கேஸ் கசிவதைக் கண்டுபிடித்துப் பிழைக்கிறவன் நான். ஒரு விளையாட்டுச் சாமானில் காற்றை நிறுத்த முடியவில்லை. சைக்கிள் கடைக்காரரிடம் போய், மட்டமான சரக்கை என் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று சத்தம் போட்டேன். இதே வாஷரில்தான் ஊரே காற்றடிக்கிறது பாய், கோளாறு உங்கள் கையில்தான் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அது இன்னும் சுட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். வாஷர் கெடக் கெட அவள் நெருங்கி வந்தாள். மதரஸா விட்டதும் முக்காட்டைக்கூட எடுக்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்து பைப்பைப் பிடித்துக்கொள்வாள். ஸ்குரூ டிரைவர் கேட்குமுன் எடுத்துக் கொடுப்பாள். நானோ கசிவைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், அவளைப் பார்க்கவில்லை. வெள்ளை முக்காட்டில் தாடைக்குக் கீழே எண்ணெய்க் கறை, தினம் தேய்த்தும் போகவில்லை, இந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைத்தால்தானே என்று மனைவி புலம்பியதும் காதில் விழுந்தது. அது எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாஷரும் கசிந்த அன்று என் தொழில் முறைக்கே போனேன். குடிக்க வைத்திருந்த நல்ல தண்ணீரில் சோப்பைக் கரைத்து, நுரையை வாஷரின் பின்பக்கம் தடவி, வாயை அடைத்துத் தள்ளினேன். ஒரே இடத்தில் குமிழி வந்தது. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஊசி முனை அளவு துளை. தூக்கிப் போட்டிருந்த பழைய இரண்டையும் தேடி எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே ஒரு துளை.

பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். தாடைக்குக் கீழே முக்காட்டைப் பிடித்திருந்த ஊக்கைச் சுற்றி எண்ணெய்க் கறை. பாழாய்ப்போன கோபம், கையை ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"இத முடிக்காம போக மாட்டேன்னு நீங்கதான அத்தா சொன்னீங்க?"

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தக் கையாலேயே என் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அத்தா என்று அவள் கூப்பிட்டதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். கடையில் வாங்கிய புது வாஷர் ஒன்று சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்கவில்லை. துளை விழுந்ததையே எண்ணெய் தடவி, அவள் கண்ணெதிரில் திரும்ப மாட்டினேன்.

அவள் விரலால் பைப் வாயை அடைத்துக்கொண்டு தடியைத் தள்ளினாள். தடி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"இன்னும் காத்து போவுது அத்தா" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக.

ஆமாம், இன்னும் நிறைய வேலை இருக்கிறது என்றேன். டிக்கெட் வெள்ளிக்கிழமைக்கு. அன்று செவ்வாய்.