இடது இறக்கையின் ஈயக் குண்டு

அண்ணனின் விமானத்தில், இடது இறக்கையின் நுனியில், ஓர் ஈயக் குண்டு ஒட்டப்பட்டிருக்கிறது. மீன்வலையின் அடிக்கயிற்றில் கோப்பார்களே, அது. புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரியது. நடுவில் கயிறு நுழையும் துளை. செங்கல்பட்டு வீட்டின் முன்னறைச் சுவரில் விமானம் தொங்குவதால், நான் படிக்க அமரும்போதெல்லாம் கண்ணில் படும்.

ரிமோட்டில் பறக்கும் அந்தத் தெர்மோகோல் விமானத்தை அண்ணன் ஓட்டுவான். உடைந்தால் நான் ஒட்டுவேன். திருப்போரூருக்கு அப்பால், மனை பிரித்தும் யாரும் குடிவராத நிலமொன்றில் நேரான தார்ச்சாலைகள் உண்டு. விமானம் ஓட்ட அதைவிடத் தோதான இடமில்லை; இறங்கும்போது இறக்கையை முறித்துக்கொள்ள, அங்கே நட்டிருக்கும் எல்லைக்கற்களைவிடத் தோதானவையும் இல்லை. முறிந்த விளிம்புகளைப் பசையின்றி முதலில் பொருத்திப் பார்ப்பேன். உள்ளே மெல்லிய கார்பன் குச்சியைப் பதித்து, பசையை மிகக் குறைவாகத் தடவி, இறுகும்வரை இரு கைகளாலும் அசையாமல் பிடித்திருப்பேன். அண்ணன் என்னிடம் மனம்விட்டுப் பேசியதெல்லாம் அந்த நேரங்களில்தான். ஒரு பெண்ணைப் பிடித்திருப்பதாகச் சொன்னதும் அப்படியொரு மாலையில். கைகள் இறக்கையில் இருந்ததால் என்னால் எழுந்துபோக முடியவில்லை.

ஒட்டியவரே முதலில் கையால் வீசிப் பறக்கவிட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். விழுந்தால் ஒட்டியவர் கண்முன்னே விழட்டும் என்பான் அண்ணன். அந்த உரிமை என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

அண்ணிக்கு ஊர் திருவிடந்தை. கடலுக்குப் போகும் குடும்பம். அவருக்கு மட்டும் கணினி நிறுவனத்தில் வேலை. திருமணமான சில மாதங்களில், நான் விடுதியிலிருந்து ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது, முறிந்த வலது இறக்கையை இருவருமாக ஒட்டி முடித்திருந்தார்கள். பசை விளிம்பைத் தாண்டி வழிந்து தேன்நிறக் கட்டிகளாக உறைந்திருந்தது. அதன்மேல் பழுப்பு டேப். விமானத்தின் மூக்கையும் வாலையும் விரல்நுனிகளில் தாங்கிப் பார்த்தேன். வலப்பக்கம் சாய்ந்தது.

"பசை அதிகம். பிரிச்சு மறுபடி ஒட்டணும்" என்றேன். குரலில் மகிழ்ச்சி தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

"இன்னாத்துக்குப் பிரிக்கணும்? அந்தாண்ட கனமா கீதுன்னா இந்தாண்டயும் கனம் ஏத்து. அவ்ளோதான்" என்ற அண்ணி, தம் சாவிக்கொத்திலிருந்து ஈயக் குண்டைக் கழற்றினார். "எங்க நைனா வலைல சுட்டது. உங்க அண்ணாத்த கால்ல கட்டலாம்னு வெச்சிருந்தேன், ஞாயித்துக்கெழமையாவது வூட்ல தங்குவாருன்னு."

அண்ணன் சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். என் சொற்களுக்கு அவன் புன்னகைத்திருக்கிறான், அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் வீசும் உரிமை அண்ணியுடையதாயிற்று. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வீசினார். அது விழ வேண்டும் என்று முழுமனதோடு விரும்பினேன். நூல் பிடித்ததுபோல் நேராகப் பறந்தது.

இப்போது அண்ணி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறார். சென்ற வாரம் அதே இறக்கை, அதே இடத்தில், மீண்டும் எல்லைக்கல்லில் மோதி முறிந்தது. "நீ பாத்துக்கிறியா?" என்று அண்ணன் கேட்டபோது, என் இடம் திரும்பிவிட்டதாகவே எண்ணினேன். டேப்பை உரித்தேன், பசைக்கட்டிகளை ஒன்றுவிடாமல் சுரண்டினேன், புதுக் குச்சி பதித்து ஒட்டிப் பிடித்திருந்தேன். அண்ணன் எதிரில் அமர்ந்து பேசினான். அண்ணிக்குப் புளிப்பு மாங்காய்கூடக் குமட்டுகிறதாம்.

இறுகியபின் தாங்கிப் பார்த்தேன். வலப்பக்கத்தின் மிகைக்கனம் போய்விட்டதால், இப்போது ஈயம் இடப்பக்கத்தைத் தாழ்த்தியது. அதை நீக்கக் கத்தியை எடுத்தேன்.

"அது இருக்கட்டும்."

"இடப்பக்கம் இழுக்கும்ணா."

"இழுத்தா என்ன? ரிமோட்ல பாத்துக்கறேன்."

வழக்கப்படி நான்தான் வீசினேன், தெற்கு நோக்கி. ஒட்டிய தடம்கூடத் தெரியாத இறக்கை. கையை விட்டதுமே விமானம் கிழக்கே, திருவிடந்தைக் கடல் இருக்கும் பக்கம், சாயத் தொடங்கியது. அண்ணனின் கட்டைவிரல் அதை ஓயாமல் நேராக்கிக்கொண்டே இருந்தது. அவன் முகத்தில் சலிப்பே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் விமானத்தைச் சுவரில் மாட்டினேன். ஒற்றை ஆணியில் தொங்குவதால் இடது இறக்கை சற்றே தாழ்ந்திருக்கிறது. படிக்க அமருமுன் போய் நிமிர்த்துகிறேன். கையை எடுத்ததும் தாழ்ந்துவிடுகிறது.